அவருக்கு வைத்த தட்டு

1

எங்கள் வீட்டில் திவசம் பங்குனியில் வரும். இந்த வருஷம் ஐப்பசியிலும் ஒன்று வந்தது. செய்தது ஐயர் அல்ல, என் மகள். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் "லண்டனுக்குப் போய்ச் சைவமும் கெட்டுப் போச்சுதுகள்" என்று சொல்லக்கூடும். சொல்லுங்கள். நானும் முதலில் அதைத்தான் சொன்னேன்.

மகள் தர்ஷினி ஸ்ட்ரெதமில் இரண்டு சிநேகிதிகளோடு வீடெடுத்து இருக்கிறாள். அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். நான் ஈஸ்ட் ஹாமில் தனியே இருக்கிறேன். ஒரே நகரம்தான், ஆனால் அவள் வருவது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. தகப்பன் போய் நாலு வருஷம். கடைசி இரண்டு திவசத்துக்கும் அவள் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு தரமாட்டார்களாம்.

அப்படிப்பட்டவள் ஒக்டோபர் நடுவில் போன் எடுத்து, மாதக் கடைசியில் இரண்டு நாள் வந்து நிற்கப்போவதாகச் சொன்னாள். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். என்ன விசேஷம் என்று கேட்டேன். சௌவின் என்றாள். அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பக்கத்துப் பழங்காலத்து ஆட்கள், யேசுநாதர் அங்கே போய்ச் சேருவதற்கு முந்தியவர்கள், அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் நாளில் செத்தவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு வைப்பார்களாம். அவளும் சிநேகிதிகளும் போன வருஷம் செய்தார்களாம். இந்த முறை அப்பாவுக்கு அவர் இருந்த வீட்டிலேயே செய்ய வேண்டுமாம்.

"தேப்பன்ரை திவசத்துக்கு வர உனக்கு நேரமில்லை. வெள்ளைக்காரற்றை பேய்த் திருவிழாவுக்கு லீவு கிடைக்குதோ?" என்றேன்.

"இது ஹாஃப் டேர்ம் அம்மா. பள்ளிக்கூடம் பூட்டு. பேய்த் திருவிழாவும் இல்லை. செத்த ஆக்களை நினைக்கிற நாள்."

எப்படிச் செய்வது என்று இணையத்தில் ஒரு பக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எல்லாம் லேசான வேலை என்று சொல்லி எனக்கு வாசித்துக் காட்டினாள். யன்னலில் ஒரு மெழுகுதிரி ஏற்றுவது, போனவர் வழி தெரிந்து வருவதற்கு. அவருடைய படமும் அவர் பாவித்த ஏதாவது பொருளும் மேசையில் வைப்பது. பகலில் நடந்து போய் விழுந்து கிடக்கும் இலைகளைப் பொறுக்கி வந்து சோடிப்பது. மேசையில் ஒரு தட்டு மேலதிகமாக வைத்து, அவருக்கு விருப்பமானதை முதலில் பரிமாறி, ஒருத்தரும் வாய் திறக்காமல் சாப்பிட்டு முடிப்பது. மிச்சத்தை வெளியே மிருகங்களுக்கு வைப்பது.

"இதிலை புதுசா என்னடி கிடக்கு? விளக்கு, படம், படையல், காகத்துக்குச் சோறு. கையிலை வெண்ணெயை வைச்சுக்கொண்டு நெய்க்கு அலையிறாய்."

"நீங்கள் செய்யேக்கை ஆரும் அப்பாவைப் பற்றிக் கதைக்கிறேல்லை அம்மா. ஐயருக்குச் சாமான் வாங்கியாச்சோ, வாழையிலை வந்திட்டுதோ, அதுதான் கதை."

சுரீரென்றது. ஆனால் விட்டுக்கொடுப்பேனா? அவருக்குப் பிடித்ததை நான்தான் சமைப்பேன், அது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு ஒருத்தருக்கும் தெரியாது என்றேன். பிறகு, "ஆளுக்கொரு சாப்பாடு செய்வம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

2

அவர் பஸ் ஓட்டினார். நாங்கள் சேர்ந்திருந்த இருபத்திரண்டு வருஷமும் விடியப்புறத்து ஷிப்ட். நான் வயதானவர்கள் இருக்கும் ஹோம் ஒன்றில் பின்னேர ஷிப்ட். அவர் வீட்டுக்குள் வர நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்பேன். பிள்ளையை யார் பார்ப்பது என்பதற்காக நாங்கள் போட்ட கணக்கு அது. பிள்ளை வளர்ந்த பிறகும் கணக்கை மாற்ற எங்களுக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டைப் பெட்டிகளில் போட்டு, மூடியில் பேப்பர் ஒட்டி, பிரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போவேன். ஒன்று அன்றைக்கு இரவுக்கு, ஒன்று அடுத்த நாள் டிப்போவுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் ஓவர் டைம் தேடிப் போவார். வீட்டில் நின்ற ஒன்றிரண்டு ஞாயிறும் நான் பரிமாறிக்கொண்டு நிற்பேனே தவிர, கூட இருந்து சாப்பிட்டது கிடையாது.

கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு அவருக்கு உயிர். அப்படித்தான் நினைத்திருந்தேன். கலியாணம் கட்டி நான் லண்டனுக்கு வந்த முதல் கிழமை, இங்கத்தை அடுப்புப் பிடிபடாமல் சோறு குழைந்து, பருப்பு அடிப்பிடித்து, குந்தி இருந்து அழுதேன். தப்பிப் பிழைத்தது கத்தரிக்காய் ஒன்றுதான். அவர் அதைப் போட்டுச் சாப்பிட்டுத் தட்டை வழித்து, "இப்பிடி ஒரு சாப்பாடு சாப்பிட்டு ஆறு வருஷம்" என்றார். அவர் எனக்கு முந்தி ஆறு வருஷம் இங்கே தனியாகக் கஷ்டப்பட்டவர். அன்றைக்குத் தொடங்கினது. கிழமைக்கு இரண்டு தரம், சில கிழமை மூன்று தரம். ஹை ஸ்ட்ரீட்டில் ஊதாக் கத்தரிக்காய் பிஞ்சாக வந்தால் கடைக்காரத் தம்பி எனக்கென்று எடுத்து வைப்பான்.

ஒரு பங்குனி மாதம், ஷிப்ட் முடித்து டிப்போவில் கதிரையில் இருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு. திடீர்ச் சாவு என்றபடியால் கொரோனர் என்று ஒரு அதிகாரி, போஸ்ட் மோர்ட்டம், ஒரு பாரம், அதை நிரப்பினால் இன்னொரு பாரம். செத்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒரே கேள்விக்கு எத்தனையோ இடத்தில் பதில் எழுதினேன். பிரேதம் கையில் கிடைத்து, சுடலையில் இடம் கிடைத்து, எல்லாம் முடிய மூன்று கிழமைக்குக் கிட்ட ஆகிவிட்டது.

எங்கள் ஆட்களுக்குத் தெரியும், எட்டாம் நாள் எட்டுச் செலவு. போனவருக்கு எது விருப்பமோ அதையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். மீனென்றால் மீன், சாராயமென்றால் சாராயம், சுருட்டென்றால் சுருட்டு. "அவருக்கு என்ன விருப்பம்?" என்று வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டுச் செய்வார்கள். ஆனால் எட்டாம் நாள் வந்தபோது அவர் ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் இருந்தார். சுடாத பிணத்துக்கு எட்டு எப்படிச் செய்வது? அதைத் தள்ளி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு சேர்த்து ஒரு மண்டபத்தில் வைத்தோம். கேட்டரிங்காரர் எல்லாருக்கும் போடுகிற சைவச் சாப்பாட்டில் ஒரு இலை படைத்தார். ஒருவரும் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை.

அவருடைய சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார்கள். அதற்கும் ஒரு கையெழுத்து. மணிக்கூடு, பர்ஸ், மூக்குக் கண்ணாடி, என் சாப்பாட்டுப் பெட்டி. பெட்டி வெறுமை. மூலையில் குழம்பு எண்ணெய் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன், ஆனால் அதில் ஒரு ஆறுதலும் இருந்தது. செத்த வீட்டுக்கு வந்த அவ்வளவு பேருக்கும் சொன்னேன்: "கடைசியா என்ரை கையாலை சாப்பிட்டிட்டுத்தான் போனவர்." டிப்போவில் அவரோடு வேலை செய்த கபீர் என்ற பங்களாதேஷ்காரரும் வந்து, கண் கலங்கி, உங்கள் கத்தரிக்காயை நான் மறக்கமாட்டேன் சிஸ்டர் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மனுசன் என் சமையலைப் பெருமையாகப் பங்கு போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். நான் ஒரு மட்டி, மடைச்சி.

3

முப்பத்தோராம் தேதி மத்தியானம் தர்ஷினி வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். சொன்னால் சண்டை வரும், சொல்லவில்லை. இரண்டு பேருமாகப் பார்க்குக்குப் போய் இலை பொறுக்கினோம். ஐம்பத்தெட்டு வயதில் பழுத்த இலை பொறுக்கப் போகும் ஒருத்தியை நாய் கொண்டு போகிறவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவள் மேப்பிள் என்றாள், ஓக் என்றாள். எனக்கு எல்லாம் ஒரு மரம்தான்.

குளிர்காலத்துக்கென்று இங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிய கிழமை. ஐந்து மணிக்கே கருக்கல். யன்னலில் மெழுகுதிரி, மேசையில் படம், படத்துக்குப் பக்கத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடி. சாமி விளக்கையும் நான் ஏற்றினேன், அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. குசினியில் நான் ஒரு பக்கம் கத்தரிக்காய் பொரிக்க, அவள் மறுபக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு என்னவோ வெட்டினாள். எட்டிப் பார்த்தால் வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய். பையிலிருந்து ஒரு ரின் மீன், தகரத்தில் அடைத்து விற்கிறது, எடுத்து உடைத்தாள்.

"செத்த மனுசனுக்கு ரின் மீனோ? படம் வைச்சு விளக்குக் கொளுத்தின மேசையிலையோ?"

"சத்தம் போடாதேங்கோ அம்மா. சாப்பிட்டு முடிய ஏசுங்கோ. இனிக் கதைக்கக் கூடாது."

என்னை அரை மணித்தியாலம் வாய் மூடி இருக்கச் சொல்வது லேசான வேலையா? ஹோமில் எனக்கு ரேடியோ என்று பட்டப் பெயர். இருந்தேன். முதல் பரிமாறல் அவருக்கு. நான் சோறு போட்டு, தட்டு நிறையக் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினேன்.

தர்ஷினி எழும்பினாள். அந்தத் தட்டைத் தூக்கி, சோறு, குழம்பு அத்தனையையும் தன் தட்டில் வழித்துக் கொட்டினாள். வெறுந்தட்டைத் துடைத்து, இரண்டு துண்டு பாணை டோஸ்டரில் வாட்டி வைத்து, மேலே அந்த மீன் சம்பலைப் பரப்பி, அவருடைய படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு இருந்தாள்.

நெஞ்சு பற்றி எரிந்தது. வாயைத் திறக்கவும் ஏலாது. அந்த நேரம் பார்த்துக் கதவு மணி. பேய்த் திருவிழாவுக்கு வேஷம் போட்ட மூன்று குஞ்சுகள், வீடு வீடாக இனிப்புக் கேட்டு. தர்ஷினி ஒரு சொல் பேசாமல் சொக்லேட்டை அள்ளிக் கொடுத்துக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, கொட்டி வைத்த கத்தரிக்காய்ச் சோறு முழுவதையும் சாப்பிட்டாள். சாப்பிடும்போது அவள் கண்ணால் நீர் ஓடிக்கொண்டே இருந்தது. உறைப்பாக்கும் என்று நான் நினைத்தேன்.

4

கடைசி வாய் இறங்கியதும் தொடங்கினேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. தேப்பனின் தட்டில் கை வைக்க உனக்கு என்ன துணிவு என்பது வரைக்கும் போனேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாவுக்குக் கத்தரிக்காய் ஏலாது. அவருக்கு நாக்குத் தடிச்சுப் போகும்."

"ஆர் சொன்னது?"

"அப்பாதான். நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ரின் மீன் சம்பலும் பாணும்தான். நீங்கள் வந்து மணம் பிடிப்பீங்கள் எண்டு யன்னல் எல்லாம் திறந்து வைப்பார். ரின்னைக் கார் டிக்கியிலை ஒளிச்சு வைச்சிருப்பார். இரவுக்கு வைச்ச குழம்பையும் டிப்போப் பெட்டிக்கை போட்டுக்கொண்டு போவார். கபீர் அங்கிளுக்குத்தான். அவர் அப்பாக்குத் தன்ரை மீன் கறி குடுப்பார்."

"கடைசி நாளும்?"

அவள் தகப்பனின் படத்தைப் பார்த்தாள். சொல்ல என்ன இருக்கிறது? நாலு வருஷமாக ஊருக்கும் உலகத்துக்கும் சொல்லித் திரிந்தேனே, என் கையால் சாப்பிட்டுத்தான் போனார் என்று. என் கையால் சாப்பிட்டது கபீர்.

"ஏன்டி எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"அப்பா சத்தியம் வாங்கினவர். 'கொம்மா பாவம், அவ சந்தோசமாச் செய்யிறா, சொல்லிப் போடாதை' எண்டு. செத்தாப் பிறகு சொல்லுவம் எண்டால், நீங்கள் அந்தப் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு அழுதீங்கள். எப்பிடிச் சொல்லுறது? திவசத்திலை அதையே படைக்கிறீங்கள். பாக்க ஏலாமல்தான் அம்மா நான் வாறேல்லை. லீவு எண்டது பொய்."

அவள் கோயிலை விட்டாள், குலத்தை விட்டாள், லண்டன் அவளை விழுங்கிவிட்டது என்று நான் தெரிந்தவர் அறிந்தவர் எல்லாரிடமும் புலம்பியிருக்கிறேன். அவளைத் துரத்தியது என் கத்தரிக்காய்.

மீன் தட்டைக் கொண்டுபோய்ப் பின்வளவில் வைத்தாள். விடிய எழும்பிப் பார்த்தபோது துடைத்த மாதிரி இருந்தது. காகமில்லை, நரிதான். எங்கள் பக்கத்து நரிகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

5

இருந்தாலும் மனம் கேட்கவில்லை. அந்த நேரம் சின்னப் பிள்ளை, பிழையாக விளங்கியிருக்கும். காலையில் முதல் வேலையாகக் ஊரில், கோப்பாயில் இருக்கிற மச்சாளுக்குப் போன் போட்டேன். அவரின் மூத்த அக்கா.

"உமக்குத் தெரியாதே?" என்றா. "சின்னனிலையே கத்தரிக்காய் எண்டால் அவனுக்கு வாயெல்லாம் கடிக்கும். அம்மா அவனுக்கெண்டு புறிம்பாக் கறி வைப்பா. நீர் போனிலை கத்தரிக்காய்க் குழம்பு வைச்சனான் எண்டு சொல்லேக்கை எல்லாம், லண்டன் போய்ச் சுகம் வந்திட்டுது எண்டெல்லோ நான் நினைச்சனான்."

கல்யாணப் பேச்சில் சாதகம் பார்த்தோம், சீதனம் பேசினோம். அவருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நான் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. அந்த ஒன்றிரண்டு ஞாயிறுகளில் அவர் சாப்பிட்ட கையோடு தயிரைக் குடிப்பதையும் நாக்கைப் பல்லால் வழிப்பதையும் கண்ணால் கண்டிருக்கிறேன். உறைப்புக் கூடிப்போச்சாக்கும் என்று அடுத்த முறை தூளைக் குறைத்தேன். "என்னப்பா, நாக்குக்கு என்ன?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அவரும்தான், வாயிருந்தது அந்த மனுசனுக்கு. எனக்கு அவரில் கோபம் கோபமாக வந்தது. செத்தவரோடு சண்டை பிடிக்கவும் ஏலாது. போனை வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். செத்த வீட்டிலும் நான் இப்படி அழவில்லை.

தர்ஷினி தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். அந்த இணையப் பக்கத்தில் கடைசியாக இன்னொன்றும் சொல்லியிருக்கிறதாம்: போனவருக்குச் சொல்லாமல் விட்டதை ஒரு கடதாசியில் எழுதி நெருப்பில் போடலாம். எழுதுறீங்களா என்று கேட்டாள். அவர் தமிழ்ப் பேப்பரே தலைப்பு மட்டும் பார்க்கிற ஆள், என் கடிதத்தையா வாசிக்கப் போகிறார் என்றேன். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம்.

பிறகு அவள் தன் போனில் ஒன்றைத் திறந்து காட்டினாள். தகப்பன் செத்த கிழமை, மறந்துபோகும் என்ற பயத்தில் எழுதி வைத்தது. மேலே அப்பா என்று போட்டு, கீழே நீளமாக. ரின் மீன் சம்பல். பாணின் கருகின ஓரம். கபீர் அங்கிளின் மீன் கறி. மழை நாளில் யன்னலைக் கொஞ்சம் திறந்து படுப்பது. பஸ்ஸில் மேல்மாடி முன் சீற். அவள் ஒவ்வொன்றாக வாசிக்க, இருபத்திரண்டு வருஷம் நான் ஒரே கூரைக்குக் கீழே இருந்த மனுசனைப் பற்றிப் புதிதாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மழை நாளில் யன்னல் எனக்குத் தெரியும். குளிருது என்று எழும்பிப் பூட்டுகிறவளே நான்தான்.

பட்டியல் முடிந்த இடத்தில் அம்மா என்று இன்னொரு தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"உங்களுக்கு என்ன விருப்பம் அம்மா?"

"எனக்கென்ன பிள்ளை. எது எண்டாலும் சரி."

அவள் எழும்பிப் போய், ஸ்ட்ரெதமில் இருந்து வாங்கி வந்த கேக்கை வெட்டி ஒரு துண்டைத் தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினாள். எப்போது வந்தாலும் அந்தக் கேக்தான், கரட் கேக், மேலே புளிக்கிற வெள்ளைக் கிறீம். வாங்கி, நல்லாயிருக்கு பிள்ளை என்று ஒரு வாய் வைத்து, அவள் போனதும் மிச்சத்தைப் பக்கத்து வீட்டு மனுசிக்குக் கொடுத்துவிடுவேன். அன்றைக்கும் "நல்லா" என்று வாய் தன்பாட்டில் தொடங்கிவிட்டது. பாதியில் நிறுத்தினேன். தட்டைக் கீழே வைத்தேன்.

"எனக்கு இந்தக் கேக் பிடிக்காது பிள்ளை. ஒருநாளும் பிடிச்சதில்லை."

அவள் கத்தியும் கையுமாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தினை வருஷமா?"

"நீ முதல் சம்பளத்திலை வாங்கியந்த நாள் தொடக்கம்."

அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. ஐயோ, பிள்ளையை அழப்பண்ணிப் போட்டேனே, இதற்குத்தானே அந்த மனுசனும் பயந்தது என்று நினைத்தேன். தர்ஷினி மூக்கை உறிஞ்சினாள். என் முன்னாலிருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்தாள், கதிரையை எனக்குக் கிட்டப் போட்டு இருந்தாள், போனைக் கையில் எடுத்தாள்.

"சரி," என்றாள். "இனிச் சொல்லுங்கோ. பொய் சொல்லாமல்."